ட்ரையத்லனில் ஓட்டம் மட்டும் விழுகிறது: எந்தப் பயிற்சித் திட்டத்தை எடுப்பது?

மே 18

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, வெள்ளவத்தை. நீச்சல் பரவாயில்லை, சைக்கிள் நல்லாப் போகும், ஓட்டத்தில்தான் எல்லாரும் என்னைக் கடந்து போகிறார்கள். அடுத்த வருஷம் ஒலிம்பிக் தூரம் (1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம்) செய்ய விருப்பம். மூன்று திட்டம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் கிழமைக்கு மூன்றே ஓட்டம், மூன்றும் கடுமை. இன்னொன்றில் ஆறு ஓட்டம், எல்லாமே ஆறுதலாக, மெதுவாக. மூன்றாவது, 180-இல் வயதைக் கழித்து வரும் இதயத்துடிப்பைத் தாண்டாமல் ஓடுவது. எதை எடுக்க?

மே 18, இரவு

தம்பி, இரண்டாவதை எடுங்கள்.

மூன்றும் நல்ல திட்டம்தான். ஆனால் முதலாவது, ஓடுவதை மட்டுமே செய்கிற ஆளை மனதில் வைத்து எழுதினது. அமெரிக்காவில் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை: ஒரு நாள் ட்ராக்கில் வேக ஓட்டம், ஒரு நாள் டெம்போ (சீரான, சற்றுக் கடும் வேகம்), ஒரு நாள் நீண்ட ஓட்டம், நடுவில் இரண்டு நாள் சைக்கிளோ நீச்சலோ. பார்த்தவுடன் நமக்கென்றே தைத்த சட்டை மாதிரித் தெரியும். ஆனால் அங்கே சைக்கிள் ஓட்டத்துக்குத் துணை. நமக்கு அதுவே ஒரு போட்டி, கிழமையில் ஒரு நாளாவது மூச்சு முட்ட மிதிக்க வேணும். நீச்சலிலும் ஒரு கடும் நாள் வரும். மூன்று கடும் ஓட்டத்தோடு அவையும் சேர்ந்தால் கிழமையில் ஐந்து கடும் நாள். யாருக்கு ஏலும்? நான் அந்த முறையில் கொஞ்சக் காலம் ஓடினேன். ட்ராக் நாளில் வேகம் வந்தது உண்மை, ஆனால் சைக்கிளில் தொடை எப்போதும் பாரமாகவே இருந்தது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. உங்கள் இதயமும் நுரையீரலும் சைக்கிளாலேயே பழகிவிட்டன. பழகாமல் இருப்பவை முன்கால் எலும்பு, குதிநாண், கெண்டைத் தசை. நீச்சலிலும் சைக்கிளிலும் நிலத்தில் அடி விழுவதே இல்லை. இதயம் சில கிழமைகளில் தேறிவிடும், எலும்புக்கும் நாணுக்கும் மாதக்கணக்கு வேணும். விலங்குகளில் நடந்த ஆய்வுகள் ஒரு சுவாரசியமான விஷயத்தைக் காட்டின: எலும்புக்குத் தொடர்ந்து அடி கொடுத்தால், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது அவ்வளவாக எதிர்வினை காட்டாது. சில மணி நேரம் விட்டுத் திரும்பக் கொடுத்தால் காட்டும். அதனால் ஒரே நாளில் ஒரு மணி நேரம் ஓடுவதை விட, மூன்று நாளில் இருபது இருபது நிமிடம் ஓடுவது உங்களைப் போன்ற ஆளின் எலும்புக்கு நல்லது என்று நான் நம்புகிறேன்.

ஆறு ஓட்டத் திட்டத்தின் கணக்கு சுலபம். மூன்று சின்னது, இரண்டு நடுத்தரம், ஒன்று நீளம். நடுத்தரம் சின்னதைப் போல இரண்டு மடங்கு, நீளம் மூன்று மடங்கு. எல்லாம் சேர்த்தால் பத்துப் பங்கு. கிழமைக்கு 30 கிலோமீட்டர் என்றால் சின்னது 3, நடுத்தரம் 6, நீளம் 9.

மே 19

மேலே கிலோமீட்டரில் எழுதியதை விளக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிமிடத்தில் தொடங்குங்கள். பங்கு 10 நிமிடம்: சின்னது 10, நடுத்தரம் 20, நீளம் 30. பத்து நிமிட ஓட்டத்துக்கு யாராவது சப்பாத்துப் போடுவார்களா என்று சிரிப்பீர்கள். போட்டுக்கொண்டு போங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் இந்தத் திட்டத்தின் உயிர்.

மே 23

180 கணக்கைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அது பில் மாஃபெடோன் என்ற பயிற்சியாளரின் முறை. அவரிடம் பழகின மார்க் அலன், நீண்ட தூர ட்ரையத்லனான ஹவாய் அயர்ன்மேனில் ஆறு தரம் வென்றவர். 1989-இல் தன் பெரும் போட்டியாளர் டேவ் ஸ்கொட்டை ஒரு நிமிடம்கூட இல்லாத இடைவெளியில் வென்றபோது, நீந்தி மிதித்து முடித்த காலோடு அவர் ஓடிய மரதன் 2 மணி 40 நிமிடம் 4 விநாடி. அந்த நேரத்தைத் தனி மரதனில் எடுக்கவே இங்கே எத்தனை பேர் ஏங்குகிறோம். ஆறுதலாக ஓடுவது பலவீனமான ஆட்களின் வேலை என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

முறையின் மனம் எனக்குப் பிடிக்கும். எண்ணோடுதான் எனக்குப் பிரச்சினை. 34 வயதுக்கு 146 வருகிறது. இதயத்துடிப்பு ஒரே வயதுக்காரரிலேயே ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசப்படும். அதோடு கொழும்புக் காற்று. காலை ஐந்தரைக்கு வெப்பம் 25, 26 பாகைதான், ஆனால் ஈரப்பதன் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் முழங்கையால் சொட்டிக்கொண்டே போகும். உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தத்தை அனுப்பும், காலுக்கும் தோலுக்கும் சேர்த்து வேலை செய்ய இதயம் வேகமாக அடிக்கும். நீங்கள் வேகத்தைக் கூட்டாமலே இருபதாவது நிமிடத்தில் 138 இருந்தது நாற்பதாவது நிமிடத்தில் 152 காட்டும். அந்த நேரம் 146-ஐப் பிடித்துத் தொங்கினால் நடக்கத்தான் வேணும்.

அதனால் வாட்சைப் பாருங்கள், ஆனால் முடிவை வாயிடம் கேளுங்கள். ஓடும்போது வீட்டிலிருந்து அம்மா அழைத்தால், நிற்காமல் முழு வசனமாகப் பதில் சொல்ல முடிகிறதா? அதுதான் ஆறுதல். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் குறையுங்கள்.

மே 24

வேக அட்டவணைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் 5 கிலோமீட்டர் நேரத்தைப் போட்டால் எந்த ஓட்டத்தை எந்த வேகத்தில் ஓட வேணும் என்று தரும் அட்டவணைகள் குளிர் நாட்டுக் காலைக்குச் சரி. இங்கே அதில் வரும் 'ஆறுதல் வேகம்' பல பேருக்கு ஆறுதலே இல்லை. கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடப் போனாலும் கவலைப்பட வேண்டாம்.

சூட்டுக்கு உடம்பு பழகும் என்பது நல்ல செய்தி. பத்து, பதினாலு நாள் தொடர்ந்து சூட்டில் வேலை செய்தால் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடும், வியர்வை முந்தியே தொடங்கும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறையும். ஏசி ஜிம்மில் ட்ரெட்மில்லில் மட்டும் ஓடி வந்து போட்டியன்று வெயிலில் இறங்குகிறவர்கள் இந்த லாபத்தை இழக்கிறார்கள். முழுக்க அதில் ஓட வேண்டாம் என்றே சொல்வேன்.

எவ்வளவு குடிக்க வேணும் என்று கேட்டவருக்கு: ஓட முன்னும் பின்னும், ஈர உடுப்பைக் களைந்து உடம்பைத் துடைத்துவிட்டு நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் போயிருக்கிறது. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு. நீண்ட நாளில் கொஞ்சம் உப்பும் சேர வேணும். நான் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் குடிப்பேன்.

ஜூன் 2

தம்பி நேற்று அனுப்பின எண்கள்: களைப்பில்லாமல் தனியாக ஓடினால் 10 கிலோமீட்டர் 56 நிமிடம். வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறை போய்த் திரும்பி, கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் மிதித்துவிட்டு உடனே ஓடினால் 73 நிமிடம்.

இந்த இரண்டு எண்ணும் கதையையே மாற்றுகின்றன. பதினேழு நிமிட இடைவெளி! சைக்கிளுக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டம் குறையும்தான். நல்லாப் பழகின ஆளுக்கு 10 கிலோமீட்டரில் அது சில நிமிடம். பதினேழு நிமிடம் போகிறதென்றால் முக்கால்வாசிக் குற்றம் ஓட்டத்தில் இல்லை. சைக்கிளில் நீங்கள் செலவழிக்கக் கூடாததைச் செலவழிக்கிறீர்கள்.

பாணந்துறைப் பயணத்தின் விபரத்தைக் கேட்டேன். போகும்போது ஒரு கூட்டத்தோடு போட்டி, மொரட்டுவையில் சிக்னலுக்குச் சிக்னல் எழும்பி நின்று மிதி, திரும்பும்போது எதிர்க்காற்று, போத்தலில் வெறும் தண்ணீர், சாப்பாடு ஒன்றும் இல்லை. அந்த மனிதன் அதற்குப் பிறகு 73 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் ஓடினார் என்றால் அவருக்கு ஓட்டம் நல்லா வரும் என்றுதான் நான் எடுப்பேன்.

இதையும் வைத்துச் சொல்கிறேன்: ஆறு ஓட்டம் அப்படியே இருக்கட்டும். அதோடு அடுத்த தரம் அதே பாதையில், முழுநேரமும் இருக்கையில் இருந்து, மூச்சு அடங்கின மிதியில் போய் வாருங்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஏதாவது சாப்பிடுங்கள். சைக்கிள் ஐந்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை. பிறகு ஓடிப் பாருங்கள்.

ஜூன் 3

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும் பயிற்சி, நம் ஆட்கள் பிரிக் என்பார்கள், எவ்வளவு நேரம் என்று பலர் கேட்டார்கள். பத்து, பதினைந்து நிமிடம் காணும். பயிற்சியின் நோக்கம் அந்த முதல் சில நிமிடம்தான். தொடை கல்லாகி, கால் யாருடையதோ மாதிரி இருக்கும். இன்னொரு விசித்திரம், மணிக்கு 30 கிலோமீட்டரில் காட்சிகள் ஓடின கண்ணுக்கு, ஓட்டத்தின் வேகம் ஊர்வது போலத் தெரியும். அதனால் தெரியாமலே வேகமாக ஓடிவிடுவோம், நாலாவது கிலோமீட்டரில் அதற்கு விலை கொடுப்போம். முதல் கிலோமீட்டரை வேணுமென்றே மெதுவாக ஓடிப் பழகுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது வசதி. சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு இறங்கினால் நேராகப் பாதை. ஆனால் தண்டவாளத்தை ஒட்டின கரையில் ஓடாதீர்கள். கடல் இரைச்சலில் ரயில் பின்னால் வருவது கேட்காது. காதில் பாட்டும் இருந்தால் சொல்லவே வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூன் 15

மழை. தென்மேற்குப் பருவம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. காலி முகத்திடலில் இப்போது ஒரு பக்கம் ஓடினால் காற்று தள்ளும், திரும்பினால் நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். அங்கே வேகம் பார்ப்பதில் அர்த்தமில்லை. நான் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஓடுகிறேன், மர நிழலும் உண்டு, நிலமும் சமம். நனைந்த சப்பாத்தின் உள்தட்டைக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளை விரல் நுனி வரை அடைத்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றினால் அடுத்த நாள் காய்ந்திருக்கும். வெயிலில் வைத்தால் பசை விடும்.

கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கின ஆட்களை வைத்து இதைச் சோதித்தார்கள், 2008-இல் வெளிவந்தது. ஒரு கூட்டம் 13 கிழமையில் மெல்ல மெல்லக் கூட்டியது, மற்றது 8 கிழமையில். காயப்பட்டவர்களின் பங்கில் வித்தியாசம் இல்லை. அதனால் கண்டபடி கூட்டலாம் என்று நான் எடுக்கவில்லை. வீதத்தை எண்ணிக்கொண்டிருப்பதை விட, விடியக் கட்டிலால் இறங்கும் முதல் அடியில் குதிக்கால் என்ன சொல்கிறது என்று கவனிப்பது பயன். இரண்டு, மூன்று கிழமை ஒரே அளவில் நில்லுங்கள், நோ ஒன்றும் இல்லையென்றால் பங்கை 10 நிமிடத்திலிருந்து 12 ஆக்குங்கள்.

ஜூன் 21

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி: விடிய ஐந்து மணிக்குத் தனியாகப் பெண் ஓடலாமா, ஆறு நாளும் அது சாத்தியமா?

உங்கள் கேள்வி எனக்கு நல்லா விளங்குது. நான் இருட்டில் தனியாகப் போவதில்லை. விடிந்த பிறகுதான், அல்லது ஆட்களோடு. சின்ன ஓட்டங்களை ஆட்கள் நடமாடும் இடத்தில், ஒரே சுற்றில் ஓடுகிறேன்: விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம், பத்தரமுல்லைப் பக்கம் போனால் தியவன்னா ஓயாக் கரை. பத்து நிமிட ஓட்டத்தின் இன்னொரு லாபம் இது, வேலை முடிந்து வீட்டுக்குப் போக முன் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். பயத்தோடு ஓடும் ஓட்டம் ஒருபோதும் ஆறுதலாக இராது. பாதுகாப்பான நாள் கிழமையில் நாலுதான் என்றால் நாலு நாள் ஓடுங்கள், திட்டத்தை அதற்கு ஏற்றபடி வளையுங்கள்.

இன்னொன்று, பெண்கள் எல்லாருக்கும். ஓட்டம் கூடக்கூடக் காரணமில்லாத களைப்பு வந்தால், திட்டத்தை மாற்ற முன் இரத்தம் சோதியுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். சோற்றோடு அல்லது சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேயிலை, உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், தேசிக்காய் பிழிந்த கீரையைக் கூடுதலாகச் சாப்பிடுங்கள்.

ஜூலை 11

தம்பி நேற்றுப் போயா (பௌர்ணமி) விடுமுறையில் நீண்ட ஓட்டத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கி ஓடியிருக்கிறார். இன்று முன்காலில் நோ. ஓடலாமா என்று கேட்கிறார்.

இருந்துகொண்டு, முன்கால் எலும்பின் உட்கரையை விரல் நுனியால் மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நொந்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டின தசையும் சவ்வும் சினந்திருக்கும். ஒரே புள்ளியில், காசளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்தினால், அல்லது இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பிலேயே கீறல் விழுந்திருக்கலாம். அதைக் கண்டால் ஓட்டத்தை இன்றே நிறுத்தி விளையாட்டு மருத்துவம் தெரிந்த டொக்டரிடம் போங்கள். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எக்ஸ்ரே சுத்தம் என்றதும் ஓடத் தொடங்க வேண்டாம்.

ஜூலை 13

நோ பரவலானது, ஒரு புள்ளியில் இல்லை என்கிறார். நிம்மதி. நோ இல்லாமல் நடக்க முடிகிற வரை ஓட்டம் வேண்டாம், நீச்சலும் சைக்கிளும் போகட்டும். பிறகு பத்து நிமிட ஓட்டங்களோடு மட்டும் திரும்புங்கள்.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மே மாதம் நான் ஆறு ஓட்டம் என்று அழுத்தி எழுதினேன். அந்த எண்ணத்தில் மாற்றமில்லை, ஆனால் அதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேணும். கிழமையில் ஆறு தரம் ஓடும் திட்டம், நீளத்தைக் கட்டுப்படுத்துகிற ஆளுக்குத்தான் பாதுகாப்பு. விடுமுறை கிடைத்ததும் கால் பறக்கும் ஆளுக்கு ஐந்து ஓட்டமும் ஒரு முழு ஓய்வுமே நல்லது. தம்பி, உங்களுக்கு ஐந்து. சின்னதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

வேறு யாரும் இதைப் பார்த்து ஐந்தாகக் குறைக்க வேண்டாம், ஆறு சுகமாகப் போகிறதென்றால் விடாதீர்கள்.

ஆகஸ்ட் 24

பாணந்துறை போய் வந்து ஓடின 10 கிலோமீட்டர்: 65 நிமிடம். சைக்கிள் முந்தியதை விட நாலு நிமிடம் பிந்தியிருக்கிறது, ஓட்டம் எட்டு நிமிடம் முந்தியிருக்கிறது. இரண்டு வாழைப்பழமும் ஒரு போத்தல் உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரும் வழியில் உள்ளே போயிருக்கின்றன. முன்கால் அமைதி. எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது வேகம் சேர்க்கலாமா என்று கேட்கிறார். கொஞ்சம் சேர்க்கலாம். நோர்வேயைச் சேர்ந்த கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட் டோக்கியோவில் தங்கம் வென்ற பிறகு, ஒரே நாளில் இரண்டு தரம் திரெஷோல்ட் பயிற்சி (நெடுநேரம் தாங்கக்கூடிய கடுமையின் எல்லையில் செய்வது) என்ற பேச்சு கொழும்பு வரை வந்துவிட்டது. அவர்கள் விரல் நுனியில் இரத்தம் எடுத்து லாக்டேட் (கடும் உழைப்பில் இரத்தத்தில் கூடும் பொருள்) அளந்து, அளவு தாண்டாமல் செய்வது அது. வேலைக்கும் போய் வருகிற நாம் அதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே: கடும் பயிற்சியிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்துவது.

முதல் ஒரு மாதம் சின்ன ஓட்டங்களில் இரண்டின் கடைசியில் இருபது விநாடி வேக ஓட்டம், ஐந்தாறு தரம், நடுவில் மூச்சு முழுதாக அடங்கும்வரை நடை. அது சுகமாகப் போனால் நடுத்தர ஓட்டங்களில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பத்து நிமிடம் மெதுவாக, பிறகு எட்டு நிமிடம் கடுமையாக மூன்று தரம், நடுவில் இரண்டு நிமிடம் மெதுவோட்டம். கடுமை என்றால் மூன்று நாலு சொல் சொல்ல முடிகிற அளவு. சுகததாச விளையாட்டரங்கின் ட்ராக்கில் செய்யலாம், சமமான தெருவிலும் செய்யலாம்.

அந்த ஓட்டத்தைக் கடும் சைக்கிள் இருக்கும் அதே நாளில் வையுங்கள், விடிய ஒன்று, பின்னேரம் ஒன்று. இரண்டு நாளுக்குப் பிரித்தால் ஆறுதல் நாள் என்று ஒன்று மிஞ்சாது. செவ்வாய் இரண்டும் என்றால் புதன் நீச்சல் மட்டும். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், அப்போது ஓட்டத்தை விடியவுக்கு மாற்றி, சைக்கிளைப் பின்னேரம் வீட்டுக்குள் ட்ரெயினரில் (சைக்கிளை நகராமல் பூட்டி மிதிக்கும் சாதனம்) மிதியுங்கள்.